பதினேழாம் சாவியும் காணாத நபரும்

நிலத்துக்கு அடியில் நான்கு மாடி ஆழத்தில், இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு வளைந்து கிடந்தது அந்தச் சுரங்கம். கண்ணுக்குத் தெரியாத துகள்களை அதற்குள் விரட்டோ விரட்டென்று விரட்டி, ஒன்றோடொன்று முட்டவிட்டு, முட்டினால் என்ன தெறிக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் பிழைப்பு. முந்நூறு விஞ்ஞானிகள் வேலை பார்த்தார்கள். காந்தத்தைப் பார்ப்பவருக்குக் குழாய் தெரியாது. குழாயைப் பார்ப்பவருக்குக் கணினி தெரியாது. கணினியைப் பார்ப்பவருக்குச் சுரங்கத்துக்குள் எந்தப் பக்கமாக இறங்குவது என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு பெண்மணிதான். அவரை எல்லோரும் தலைக்கணக்கம்மா என்றார்கள்.

தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்காரத்தான் அவரை முதலில் எடுத்தார்கள். பிறகு தானாக இணைக்கும் கருவி வந்தது. பலகையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எடைக்குப் போட முடியாதே என்று நிர்வாகம் கையைப் பிசைந்தது. அப்போதிருந்த இயக்குநர், "குரல் நல்லா இருக்கு, பாக்க வர்றவங்களைச் சுத்திக் காட்டட்டும்" என்று சொல்லி, அந்த விஷயத்தை அத்தோடு மறந்துபோனார். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

மாதத்தின் முதல் புதன்கிழமை பராமரிப்புக்காக இயந்திரத்தை நிறுத்துவார்கள். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு முப்பத்தொன்பது பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு அவர் கீழே இறங்குவார். இரண்டேமுக்காலுக்கு மேலே வந்துவிட வேண்டும். மூன்று மணிக்கு இயந்திரம் மறுபடி கிளம்பும். மற்ற நாளெல்லாம் அடுத்த புதன்கிழமைக்கான ஏற்பாடுதான்: கடிதம், அடையாள அட்டை, செருப்பு அளவு, நெஞ்சில் கருவி வைத்திருப்பவர்கள் உண்டா என்ற விசாரணை.

பார்வையாளர்களிடம் பேசுவதற்கென்று விஞ்ஞானிகள் குழு ஒன்று ஐம்பத்திரண்டு பக்கத்தில் உரை எழுதிக் கொடுத்திருந்தது. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் வாசித்தார். மூன்றாம் பக்கம் போகும்போது முன்வரிசையில் நின்றவர் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனார். அதற்கப்புறம் உரை மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்தது. ஜனங்கள் கேட்பதெல்லாம் வேறு. இதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும், இதை யார் பெருக்குவது, உள்ளே எலி வருமா, இதில் நடந்தால் மூட்டுவலி போகுமா, இவ்வளவு பெரிய இடத்தில் கழிப்பறை ஏன் ஒன்றே ஒன்று. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் கிடையாது. அதை அவரே பதினொரு முறை எழுதிக் கேட்டிருக்கிறார்.

ஆனால் வந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்கிற இடம் ஒன்று இருந்தது. அது சாவிப் பலகை.

சுரங்கக் கதவுக்கு வெளியே, சுவரில் ஓர் இரும்புப் பலகை. அதில் நாற்பது துளை, நாற்பது சாவி, ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை விளக்கு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு சாவியை உருவிக் கையோடு எடுத்துப்போக வேண்டும். வெளியே வந்ததும் அதே துளையில் செருகித் திருப்ப வேண்டும். நாற்பதும் பச்சையாக எரிந்தால்தான் இயந்திரம் கிளம்பும். ஒன்று குறைந்தாலும் உள்ளே யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். யார் தலைகீழாக நின்றாலும் அது ஓடாது.

"இந்தச் சாவி உங்க பையில இருக்கிற வரைக்கும், மேல இருக்கிற முந்நூறு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்பார் தலைக்கணக்கம்மா. "இயக்குநரே வந்து கெஞ்சினாலும் ஓடாது. அவர் பெரிய ஆளா நீங்க பெரிய ஆளான்னு கேட்டா, இன்னும் ஒருமணி நேரத்துக்கு நீங்கதான்."

சிரிப்பார்கள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஊருக்குப் போய்ச் சொல்வதும் துகளைப் பற்றி இல்லை, சாவியைப் பற்றித்தான்.

தலையை எண்ணுவது அவருக்கு மூச்சு விடுவதைப் போல. இறங்கும்போது ஒரு தடவை, வளைவில் ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை. சட்டென்று கையடக்க நோட்டில் 'உள்ளே இத்தனை, வெளியே இத்தனை' என்று குறித்துவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியை எண்ணாமல் அவரால் உட்கார முடியாது. அவருடைய வீட்டுக்காரர் பல் செட் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறார். கூடவே இருக்கும் நாத்தனாருக்கு இதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் பொழுது போகாது. "எங்க அண்ணன் பல்லை எண்றாரு, அண்ணி தலையை எண்றாங்க. உடம்புல மிச்சம் இருக்கிறதை எண்ண நான்தான் வேலைக்குப் போகணும்போல."

இப்போதிருக்கும் இயக்குநருக்கு இந்தச் சுற்றிக்காட்டும் வேலை தொண்டையில் சிக்கிய முள். அவர் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். முக்கால் மணி நேரப் படம். அதில் முப்பத்தெட்டு நிமிஷம் அவரே பேசுகிறார். மீதியில் அவர் நடக்கிறார். பார்வையாளர்களை மேலேயே அரங்கத்தில் உட்காரவைத்து அதைப் போட்டுவிட்டால் போதும், யாரும் கீழே இறங்க வேண்டாம் என்பது அவர் கட்சி. நிர்வாகக் குழு உடனே தலையாட்டிவிடவில்லை. "ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் பரிசீலிக்கலாம்" என்று எழுதி வைத்தது. அன்றிலிருந்து இயக்குநர் அந்த அசம்பாவிதத்தை வழிமேல் விழி வைத்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுலா நின்றால் தலைக்கணக்கம்மாவுக்குப் பழைய கோப்பறை. உத்தரவு தட்டச்சாகி, தேதி மட்டும் காலியாக இருந்தது. அது அவருக்கும் தெரியும். தட்டச்சு செய்தவரே சொல்லிவிட்டார்.

*

அந்தப் புதன்கிழமை வந்தவர்கள் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சங்கத்தார். முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே வரிசையில் நின்று, எண்ணுவதற்கு வாகாகத் தலையைத் தூக்கிக் காட்டினார்கள். இப்படியொரு கூட்டத்தைப் பத்தொன்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

"லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்மா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"இது கரண்ட்டுல ஓடறதுங்க."

"வளைவுல எவ்ளோ வேகம்?"

தலைக்கணக்கம்மா வேகத்தைச் சொன்னார். "வளைவுலயா?" என்று மறுபடி கேட்டார் அந்த ஓட்டுநர். முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

நெடுநெடுவென்று உயரமாக, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "இதுக்கு பிரேக் எங்கம்மா?" என்றார்.

"உங்க பையில இருக்கு பாருங்க, அந்தச் சாவிதான் பிரேக்கு."

உயரக்காரர் பதினேழு என்று பொறித்த சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல ஏற்பாடு" என்றார். அந்த நிலையத்துக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே நம்பத்தகுந்தது அதுதான்.

இரண்டு மணி நாற்பதுக்கு எல்லோரும் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். சாவிகளை ஒவ்வொருவராகச் செருகினார்கள். கடைசியாக உயரக்காரர் செருகித் திருப்பினார். நாற்பதும் பச்சை. தலைக்கணக்கம்மா பார்த்தார், தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு மின்தூக்கிப் பக்கம் திரும்பி, ஏறுகிற தலைகளை எண்ணினார். முப்பத்தொன்பது. தன்னோடு நாற்பது. நோட்டில் குறித்தார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு இயந்திரம் கிளம்பவில்லை.

மூன்று ஐந்துக்குக் கட்டுப்பாட்டறைப் பொறியாளர் ஓடிவந்தார். மூக்கு நுனியில் வியர்வை. "அம்மா, பதினேழு காலி."

"எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. கணினியில பாத்துட்டேன். ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு உள்ள வந்துச்சு. அதே நிமிஷத்துல மறுபடி வெளிய போயிருக்கு."

தலைக்கணக்கம்மா நோட்டைப் புரட்டினார். தலைகள் சரி. சாவி இல்லை. அந்தப் பத்து வினாடி அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அதற்குள் செய்தி பாதுகாப்பு அதிகாரிக்குப் போய்விட்டது. அவருக்குப் படிவம் என்று பெயர். நிலையத்தில் எது நடந்தாலும் அதற்கான தாளோடுதான் அவர் வருவார். தாள் இல்லாத சம்பவம் நடந்தால் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார். சாவிப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். "சாவி திரும்ப வந்து, மறுபடி எடுக்கப்பட்டிருக்கு. விதி எட்டின்படி ஒரு நபர் மறுபடி உள்ள போயிருக்கார்."

"யாரும் போகலைங்க. நாப்பது பேர் வந்தோம், நாப்பது பேரும் வெளிய வந்துட்டோம். நான் எண்ணிட்டேன்" என்றார் தலைக்கணக்கம்மா.

"நீங்க தலையை எண்ணினீங்க. விதியில சாவின்னுதான் இருக்கு."

அவர் 'உள்ளிருப்போர் மீட்புப் படிவம்' என்ற நான்கு பக்கத் தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினார். காணாத நபரின் பெயர்: தெரியவில்லை. வயது: தெரியவில்லை. உள்ளே போன நேரம்: தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தவர்: எவருமில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் தன் கையெழுத்தை ரசித்துப் பார்த்துக்கொண்டார்.

மாற்றுச் சாவி கிடையாது. இருந்தால் பலகைக்கே அர்த்தமில்லை என்று முதலில் கட்டியவர்கள் புத்தியோடுதான் செய்திருந்தார்கள். ஆகவே இரண்டே வழி: சாவி வர வேண்டும், அல்லது ஆள் வர வேண்டும். ஆளைத் தேடுவதென்று முடிவாயிற்று. ஆளைத் தேடுவதற்குத்தான் படிவம் இருந்தது.

இயக்குநர் இறங்கி வந்தார். முகத்தில் கவலையைக் கொண்டுவர வெகுவாக முயன்றார். சந்தோஷம் குறுக்கே குறுக்கே வந்தது. "அசம்பாவிதம்" என்றார். இரண்டாவது முறையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சார், உள்ள யாரும் இல்லைங்க."

"இருக்கக்கூடாதுன்னுதாம்மா நானும் வேண்டிக்கறேன். உங்க குரல் நல்ல குரலாச்சே. ஒலிபெருக்கியில கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிடறது?"

"உள்ள இருக்கறவரை."

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் மறுபடி ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தார். "உள்ளே இருக்கும் அன்பர் உடனே கதவுப் பக்கம் வரவும்" என்று சொன்னார். நான்கு மாடி ஆழத்தில் அந்தக் குரல் சுரங்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய்விட்டுத் திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"கொஞ்சம் அன்பாச் சொல்லுங்க. பயந்துபோயிருப்பாரு" என்றார் இயக்குநர்.

அன்பாகச் சொன்னார். இல்லாத ஓர் ஆளைப் பயப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒன்றும் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அரைமணி நேரம் கூப்பிட்டதில், தனக்கே சந்தேகம் வந்துவிடுமோ என்று பயமாயிருந்தது. மேலே, தங்கள் முறைக்காகத் தூர தேசத்திலிருந்து வந்து காத்திருந்த விஞ்ஞானிகள் இரண்டு பேர், அந்த ஆளுக்குத் தண்ணீர் புட்டி ஒன்று கொடுத்தனுப்பினார்கள். பிறகு உள்ளே போன தேடும் குழு அதை வளைவில் வைத்துவிட்டு வந்தது. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

தேடும் குழுவில் நான்கு பேர். விதிப்படி நான்கு பேரும் ஆளுக்கொரு சாவியை உருவிக்கொண்டு நின்றார்கள். புறப்படும் நேரத்தில் நிலையத்தின் புகைப்படக்காரர் வந்துசேர்ந்தார். இயக்குநர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நானும் வர்றேன். இந்த மாதிரி நேரத்துல தலைமை முன்னால நிக்கணும்."

"சார், சாவி" என்றார் கதவுக் காவலர்.

"எனக்கெதுக்குய்யா சாவி? நான் இயக்குநர்."

காவலர் நகர்ந்துகொண்டார். கதவருகில் ஒரு படம் எடுக்கப்பட்டது. பிறகு நாலு மணிக்கு ஐந்து பேர் உள்ளே போனார்கள். நாலு இருபத்தைந்துக்கு ஐந்து பேர் வெளியே வந்தார்கள். இயக்குநர் தலைமுடியில் ஒட்டடை. கவலையின் நடுவிலும் தலைக்கணக்கம்மாவின் கை தன்பாட்டுக்கு நோட்டில் எழுதிவிட்டது: உள்ளே ஐந்து, வெளியே ஐந்து, ஒரு தலையில் ஒட்டடை.

அப்போதுதான் ஓட்டுநர் சங்கச் செயலாளர் திரும்பக் கூப்பிட்டார். சாவி காலி என்று தெரிந்ததிலிருந்து தலைக்கணக்கம்மா அவரை ஏழு தடவை கூப்பிட்டிருந்தார்.

"வண்டியில இருந்தேம்மா, வண்டியில போனை எடுக்க மாட்டோம்" என்றார் செயலாளர். "பதினேழா? அது நம்ம நெட்டையன்தான். அவன் போன் வச்சுக்க மாட்டான். வீட்டுக்குப் போனாத்தான் பிடிக்க முடியும். பணிமனைக்குப் பின்னால மூணாவது தெரு."

தலைக்கணக்கம்மா கைப்பையை எடுத்தார். படிவம் குறுக்கே வந்தார். "சாட்சி வெளிய போகக்கூடாது. காணாதவர் கிடைக்கிற வரைக்கும்."

"அவரைக் கூட்டிட்டு வரத்தாங்க போறேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'வெளியே ஒன்று' என்று தன்னையும் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

*

வீட்டுக் கதவைத் திறந்தது உயரக்காரரின் மனைவி. உள்ளே கூடத்துச் சுவரில் ஒரே வரிசையாக ஆணிகள். முதல் ஆணியில் வீட்டுச் சாவி, இரண்டாவதில் ஸ்கூட்டர் சாவி, மூன்றாவதில் பீரோ. நான்காவதில், பதினேழு என்று பொறித்தபடி, முந்நூறு விஞ்ஞானிகளின் உத்தியோகம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, யாரோ உங்களைத் தேடி வந்திருக்காங்க" என்று அந்த அம்மாள் உள்ளே குரல் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னிக்கு என்ன பண்ணிட்டு வந்தாரு?" என்றார்.

உயரக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலைக்கணக்கம்மா ஆணியைக் காட்டினார். அவர் ஆணியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உருவிட்டனா?"

"உருவிட்டீங்க."

"முப்பத்திநாலு வருஷம்மா. வண்டியை நிறுத்தினா சாவியை உருவணும். விட்டுட்டு இறங்கினா மெமோ. ஒருத்தன் விட்டுட்டு டீ குடிக்கப் போனான், யாரோ ஏறி வண்டியை எடுத்துட்டுப் போய் சந்தைக்குள்ள விட்டுட்டான். அன்னிலேர்ந்து கை தானா உருவிடும். விளக்கு பச்சையானது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கை பாத்துக்கிச்சு."

"இந்த மனுஷன் தையல் மெஷினை நிறுத்தினாக்கூட ஏதாச்சும் உருவ இருக்கான்னு தேடுவாரு" என்றார் மனைவி.

"பரவாயில்லைங்க. குடுங்க, நான் கொண்டுபோய்ச் செருகிடறேன்" என்று கையை நீட்டினார் தலைக்கணக்கம்மா.

உயரக்காரர் சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. "நீங்க ஓட்டறவங்களா?"

"இல்லைங்க. சுத்திக் காட்டறவங்க."

"அப்ப உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது? சாவியை அடுத்து ஓட்டறவன் கையிலதான் குடுக்கணும். கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுக்கணும். கோவிச்சுக்காதீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. பிற்பகல் மூன்று மணியிலிருந்து அவர் கேட்ட முதல் புத்தியுள்ள பேச்சு அது. "வாங்க, போலாம்" என்றார்.

ஸ்கூட்டரில்தான் போனார்கள். வழியெல்லாம் உயரக்காரர் எதிரே வந்த ஒவ்வொரு பேருந்துக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். யாருமே தேறவில்லை.

சாவிப் பலகை முன்னால் பெரிய கூட்டம். படிவம் நான்காம் பக்கத்தில் இருந்தார். உயரக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "இதை ஓட்டறது யாரு?" என்றார். இயக்குநர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"நீங்களா ஓட்டறீங்க?"

"நான் இந்த நிலையத்தோட இயக்குநர்."

"அது சரி. ஓட்டறது யாரு?"

பொறியாளர் கையைத் தூக்கினார். பார்வையாளர்களுக்குக் கொடுத்த துண்டுத்தாளின் பின்பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உயரக்காரர் சாவியைக் கொடுத்தார். பொறியாளர் செருகித் திருப்பினார். பச்சை. உயரக்காரரின் வலது கை லேசாகத் துடித்தது; அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

ஆறு பத்துக்கு இயந்திரம் கிளம்பிற்று. இயந்திரத்துக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

*

அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது.

மறுநாள் விசாரணை. தலைக்கணக்கம்மா எழுந்து நின்று, "பத்து வினாடி பலகைக்கு முதுகைக் காட்டினேன். தப்பு என்னுது. இனிமே கடைசி ஆள் மின்தூக்கியில ஏறின பிறகுதான் நகருவேன்" என்றார். எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தார். படிவம் கோப்பைத் திறந்தார்.

"சாவி வந்துடுச்சு, சரி. ஆனா சாவியைக் கொண்டுவந்தவர் வெளி வாசல் வழியா வந்திருக்கார். சுரங்கத்துக்குள்ளேர்ந்து யாரும் வரலை. படிவத்தின்படி, சாவியில்லாம ஒரு நபர் உள்ள இருக்கார். அவர் வெளிய வந்ததா பதிவாகிற வரைக்கும் கோப்பை மூட முடியாது."

"இயந்திரமே ஓடிக்கிட்டிருக்குங்களே. உள்ள ஆள் இருந்தா ஓடுமா?"

"இயந்திரத்துக்குப் படிவம் தெரியாதும்மா."

கோப்பு மூடாதவரை யாரையும் கீழே அழைத்துப்போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. அரங்கத்தில் திரை கட்டினார்கள். அடுத்த மாதத்து முதல் புதன்கிழமைக்குத் தையல் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் முப்பத்தொன்பது பேர் பதிவு செய்திருந்தார்கள். அவர்களுக்குப் படம் போடுவதாகக் கடிதம் போயிற்று. சங்கத் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "சாவி தருவாங்கன்னு சொன்னாங்களே, அதுக்காகத்தான் வர்றோம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் படிவமே அவர் மேசைக்கு வந்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. ஒரு கோப்பு திறந்தே கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "அம்மா, ஏதாச்சும் ஒரு பேரை எழுதுங்க. ஒரு நேரம் போடுங்க. ஆள் வெளிய வந்துட்டார்னு ஒரு வரி. நான் மூடிடறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க. யார் போய்ச் சரிபார்க்கப் போறா?"

ஒரே ஒரு தலை. எழுதினால் சுரங்கம், எழுதாவிட்டால் கோப்பறை. பத்தொன்பது வருஷத்தில் பார்க்காத தலையை அவர் நோட்டில் ஏற்றியதில்லை. ஒரு தடவை அமைச்சர் கூட்டத்தோடு வந்தபோது, இருபத்திரண்டு பேரை நூறு என்று போடச் சொல்லி மேலேயிருந்து வந்த உத்தரவுக்கே, "எழுபத்தெட்டு பேர் எங்கன்னு காட்டுங்க, எண்ணிடறேன்" என்று சொன்னவர்.

அன்று மாலை வீட்டில் நாத்தனார் கேட்டார், "என்ன அண்ணி, ரெண்டு வாரமா யாரையும் எண்ணலை? இங்க மூணு பேர்தான் இருக்கோம், சும்மா எண்ணிப் பாத்துக்கங்க."

"ஒரு தலை இடிக்குது."

"கூடுதா, குறையுதா?"

"உள்ள இல்லாத ஒருத்தன் வெளிய வரணும்."

"சாவியில்லாம உள்ள போனவன்னு வேற யாருமே கிடையாதா உங்க ஆபீஸ்ல?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் துணி மடிக்கப் போய்விட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

தலைக்கணக்கம்மா நோட்டை எடுத்து அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். நாலு மணி: உள்ளே ஐந்து. நாலு இருபத்தைந்து: வெளியே ஐந்து. அந்த நேரத்தில் பலகையிலிருந்து போன சாவிகள் எத்தனை? நான்கு. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் திரும்பி வந்து, "ஏன் அண்ணி சிரிக்கிறீங்க?" என்றார்.

*

மறுநாள் காலை, படிவத்தையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். சுவரில், சுரங்கக் கதவருகே இயக்குநர் தேடும் குழுவோடு நிற்கிற படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான்கு பேர் கையில் சாவி இருந்தது. நடுவில் நின்றவர் கை இடுப்பில் இருந்தது.

"காணாதவர் கிடைச்சுட்டாருங்க சார்" என்றார்.

இயக்குநர் நிமிர்ந்தார். "யாரு?"

"சாவியில்லாம உள்ள இருந்தவர்னுதானே படிவத்துல இருக்கு? அன்னிக்கு முழுக்க சாவியில்லாம உள்ள இருந்து வெளிய வந்தது ஒரே ஒருத்தர்தான். நாலு இருபத்தஞ்சு. என் நோட்டுல இருக்கு, காவலரும் பாத்திருக்காரு. படமும் இருக்கு."

இயக்குநர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். படிவம் நோட்டை வாங்கிப் பார்த்தார், கணினிப் பதிவோடு ஒத்துப்பார்த்தார், முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "சரியா வருது சார்" என்றார். "உள்ள போன நேரம் தெரியவில்லைன்னுதான் எழுதியிருக்கேன். அதனால எதுவும் இடிக்கலை."

"என்னய்யா பேசறீங்க? என்னைத் தேடறதுக்கு நானே உள்ள போனேன்னு எழுதறதா?"

"வேண்டாம்னா விட்டுடலாம் சார்" என்றார் தலைக்கணக்கம்மா, சாந்தமாக. "கோப்பு திறந்தே இருக்கட்டும். வருஷ முடிவுல தணிக்கைக்காரங்க வருவாங்க. உள்ள ஒரு ஆள் இருக்கும்போது இயந்திரத்தை எப்படி ஓட்டினீங்கன்னு கேப்பாங்க. ஓட்டச் சொன்னது யாருன்னும் கேப்பாங்க."

இயக்குநர் படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

படிவம் தாளை அவர் முன்னால் விரித்து, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். காணாத நபரின் பெயர். வயது. வெளியே வந்த நேரம். வெளியே வந்தபோது உடல்நிலை. "நலம்னு போட்டுக்கலாமா சார்? தலையில ஒட்டடைன்னு அம்மா எழுதியிருக்காங்க."

"நலம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார் இயக்குநர்.

"தண்ணீர் புட்டி பெற்றுக்கொண்டாரா?"

"இல்லை."

"அப்ப அது இன்னும் உள்ளதான் இருக்கும். அதுக்குத் தனிப் படிவம்" என்று படிவம் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. உரிய சாவியின்றி உள்ளே இருந்ததற்கான காரணம். இயக்குநரின் பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய கை. கடைசியில் தலையைத் தூக்காமலேயே, தாழ்ந்த குரலில் கேட்டார்: "இதுல என்னம்மா எழுதறது?"

தலைக்கணக்கம்மா கொஞ்சம் யோசித்தார். பத்தொன்பது வருஷமாகப் பார்வையாளர்களிடம் பேசிப் பழகிய அதே கனிவோடு சொன்னார்.

"சுத்திக் காட்ட ஆள் இல்லைன்னு எழுதுங்க சார்."